தண்ணிக்கு லாரி வாடகை

வா கண்ணு, இப்பிடித் திண்ணையில உக்காரு. 20 வெண்பன்னி வாங்கி உட்டிருக்கறயாமே. தீவனச் செலவே இல்லாம வளத்திக் காட்டறேன்னு ராசிபுரம் சந்தை பூராவும் சொல்லிட்டுத் திரிஞ்சயாம். அந்த வித்தையை அப்புச்சிக்கும் சொல்லிக்குடு சாமி, நானும் சோத்துச் செலவை மிச்சம் புடிக்கறேன்.

சேகோ ஆலையில மரவள்ளி மாவு எடுத்த பொறவு மிஞ்சற திப்பியா! கிலோ 2 ரூவாயா! சோளம் 25 ரூவா விக்கறப்ப 2 ரூவாய்க்குப் புடிச்சிருக்கறயே, நீ கெட்டிக்காரன். 5 டன் எறக்குனயாக்கும். ஒரு கை அள்ளிப் புழிஞ்சு பாத்தயா? ஈரத் திப்பியில கிலோவுக்கு 800 கிராம் தண்ணி. 4 டன் தண்ணிக்கு லாரி வாடகை குடுத்திருக்கறே. என்ற கெணத்துல சும்மாதான் கெடக்குது, கேட்டிருந்தா ஊத்தியிருப்பனே. காஞ்ச சரக்குக் கணக்குல அது கிலோ 10 ரூவாயாச்சு. வாடகையும் கூலியும் தனி.

அப்பவும் சோளத்தவிட மலிவுதானேங்கறயா? அது செரி. ஆனா சோளத்துல நூத்துக்கு 8, 9 பங்கு புரதம் இருக்கும், திப்பியில 2, 3 தேறுனாப் பெருசு. வளர்ற குட்டிக்கு 16, 18 வேணுமுங்கறாங்க. அந்தப் பள்ளத்தை ரொப்பறதுக்கு சோயாப் புண்ணாக்கு வாங்கோணும். அது வெலை கேட்டயா? கேட்டுட்டு இங்கயே படுத்துக்க, பாய் போடறேன். கடலைப் புண்ணாக்குல சமாளிக்கலாம்னா, அதுல லைசின் பத்தாது, மழைக்காலத்துல பூசணமும் புடிச்சுக்கும்.

அப்பறம் கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு. சும்மா குடுக்கறாங்களாமா? டெம்போவுக்கு டீசல் யாரு குடுக்கறாங்க, மாப்பிள்ளை வீடா? ஆடி மாசத்துல எவங் கண்ணு கல்யாணம் பண்றான்? பன்னியக் கூப்புட்டு ஆடி முடியற வரைக்கும் வெரதம்னு சொல்லிருவயோ? சொன்னாலும் சொல்லுவே. அந்தச் சாம்பாரு உப்புக்குத் தொட்டியில தண்ணியும் நெறைய நிக்கோணும், இல்லீன்னா உப்பே கொன்னுரும்.

அந்த மிச்சத்தை அரை மணி நேரம் கொதிக்க வெச்சுத்தான் போடோணும். வெறகுக் காசு லாபந்தானேன்னு அப்பிடியே ஊத்தறயாமே? ஆப்பிரிக்கப் பன்னிக் காய்ச்சல்னு ஒண்ணு, 2020ல அஸ்ஸாம் பக்கம் வந்துச்சு, 2022ல வயநாட்டுக்கே வந்துருச்சு. எச்சத்துல வேகாத பன்னிக் கறி கெடந்தா அதுலயும் வரும். மருந்து கெடையாது. உன்ற பண்ணையில வந்துச்சுன்னா 1 கிலோமீட்டர் சுத்துல இருக்கற பன்னியெல்லாம் கொல்லுவாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரன் அப்பறம் உனக்கு ஒறம்பரை மொறையில சாப்பாடு போடுவானா?

எடை போட்டயா? நல்ல தீவனம்னா ஏறக்கொறைய 3 கிலோ தின்னு 1 கிலோ ஏறும், 7 மாசத்துல 90 கிலோவத் தொட்டுரும். உன்றது வவுறு மட்டும் பானையாட்டம் இருக்குது, முதுகெலும்பு கூரை மோட்டாட்டம் தெரியுது. விக்கறதுக்கு வருசமாயிரும். நகைக்கடன் வட்டிக்காரன் கிலோ எவ்வளவுன்னு கேக்கமாட்டான், தேதியத்தான் கேப்பான்.

முறைக்காதே. திப்பியே வேண்டாம்னு நாஞ் சொல்லல. களத்துல நல்லாக் காயப்போடு, சோளத்துல ஒரு பங்கைக் கொறைச்சுட்டு அந்த எடத்துல காஞ்ச திப்பியக் கலந்துக்க. வாரா வாரம் ரெண்டு பன்னியத் தராசுல ஏத்து. எத்தனை ரூவாத் தீவனத்துக்கு ஒரு கிலோ ஏறுச்சுன்னு உன்ற பொண்டாட்டியக் கணக்கெழுதச் சொல்லு. உன்ற கணக்கு வேண்டாம், பாத்துட்டேன்.

எந்திரிச்சுட்டயா? போறப்ப அந்த 4 டன் தண்ணிக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போ. என்ற தென்னைக்கு வாய்க்கா வெட்டியே வெச்சிருக்கறேன்.