காது வைத்துக் கேட்பவர்

இயந்திரம் நின்றுபோனால் அவருக்கு உற்சாகம் பிறப்பதில்லை. அது மெதுவாக ஓடினால்தான் முகத்தில் ஒரு தேஜஸ் உண்டாகும். நின்ற வண்டிக்கு மெக்கானிக் வேண்டும். மெதுவாக ஓடும் வண்டிக்கு அபிப்பிராயம் போதும். அந்த அபிப்பிராயமும் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். எங்கள் கொல்லிமலை ஆலத்தூர் நாட்டுக்கும் ஒருவர் வாய்த்திருக்கிறார்.

டீக்கடை வாசலில் ஒரு ஜீப் முனகிக்கொண்டு வந்து நின்றால் போதும். குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு, துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, பானெட்டைத் தூக்கச் சொல்லி, வலது காதை எஞ்சினுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோய், இடது காதைச் சுண்டுவிரலால் அடைத்து, கண்களை மூடி, நாடி பார்க்கும் வைத்தியரைப்போலச் சற்று நேரம் சமாதியில் இருந்துவிட்டு, சுற்றி நிற்கும் எங்களுக்குத் துக்கச் செய்தி அறிவிப்பவரின் நிதானத்தோடு, “காத்து புடிச்சிருக்கு” என்பார்.

டீசல் போகும் குழாயில் காற்றுக் குமிழி புகுந்துகொள்வது மெய்யான வியாதிதான். அது பிடித்த எஞ்சின் விக்கும், திணறும், பிறகு படுத்துவிடும். பில்டர் மேலுள்ள ஸ்குருவைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை கையால் பம்பு அடித்தால் குணமாகும். எங்கோ, எப்போதோ, ஒரு லாரிக்கு இந்த வியாதியை இவர் சரியாகக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த ஒரு வெற்றியின் பலனை அன்றுமுதல் நாங்கள் அனுபவித்துவருகிறோம். கிணற்று மோட்டாருக்குக் காத்து. மின்சாரத்தில் ஓடுகிற, டீசல் வாடையே அறியாத, என் வீட்டு மாவு கிரைண்டருக்கும் காத்து. வாசலூர்பட்டி படகு இல்லத்தில் நாலு பேராக ஏறிய மிதிபடகு நகரவில்லை என்றபோதும், அதன் பிளாஸ்டிக் வயிற்றில் காதை வைத்துக் கேட்டு அதே தீர்ப்பை வழங்கினார். நாலு பேரில் ஒருவர் மிதிக்காமல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு காரணமாக இருக்கலாமே என்று நான் விண்ணப்பித்துக்கொண்டதை அவர் செவிமடுக்கவில்லை. செவி வேறு காரியத்தில் இருந்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால், டர்போ இல்லாத பழைய எஞ்சின் தன் பலத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. ஆகவே காரவள்ளியில் புறப்பட்டு 70 கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றி ஏறிவரும் ஜீப் மூச்சு வாங்குவதற்குக் காற்றும் ஒரு காரணம் என்பது வாஸ்தவமே. மிகுந்ததனால் அல்ல, குறைந்ததனால். இதை நான் அவரிடம் சொன்னேன். “அதைத்தானே நானும் சொல்றேன்” என்றார்.

சிரித்துக்கொண்டே எழுதிவருகிறேன், ஓரிடத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்த என் தாயாரை நாமக்கல்லிலிருந்து அழைத்துவந்த இரவு, ஜீப் சற்று இழுத்ததே தவிர ஓடிக்கொண்டுதான் இருந்தது. 42-ஆம் வளைவில் நிறுத்தச் சொல்லி இவர் அந்த ஸ்குருவைக் கழற்றினார். அதனடியிலிருந்த செப்பு வாஷர் கைதவறி உருண்டு இருட்டில் மறைந்தது. விடியும்வரை அந்தக் குளிரில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அவர் டார்ச் விளக்கோடு வாஷரைத் தேடினார். ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

இத்தனைக்கும் பிறகு அவரைக் கடலுக்கு அழைத்துப்போனது என் புத்தி.

சென்ற ஆடி அமாவாசைக்கு இராமேசுவரத்தில் தீர்த்தமாடித் திரும்பும் வழியில், தொண்டிக்குத் தெற்கே ஒரு கரையூரில், எனக்குப் பழக்கமான சம்மாட்டி ஒருவரின் வத்தையில் ஏறினோம். பாய்கட்டி ஓடும் மரப் படகு அது. காற்று விழுந்த நேரத்துக்கு உதவட்டும் என்று ஒரு சிறிய டீசல் எஞ்சினும் வைத்திருந்தார். அன்று காற்று அடியோடு விழுந்துவிட்டது. பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சினைப் போட்டார்கள். படகோ எருமை குளத்தில் நடப்பதுபோல் நகர்ந்தது.

இப்படிப்பட்ட படகின் வேகத்துக்கு அதன் நீளமே வேலி. நீரில் படியும் நீளம் 25 அடியானால், அதன் வர்க்கமூலமாகிய ஐந்தை 1.34-ஆல் பெருக்க வரும் 6.7 நாட், அதாவது மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டர், அதன் எல்லை. அதற்குமேல் எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும், படகு தான் எழுப்பிய அலைமீதே ஏற முயன்று, பின்புறம் தாழ்ந்து, டீசலைக் குடிக்குமேயொழிய ஓடாது. நாங்கள் அந்த எல்லையில் பாதியைக்கூடத் தொடவில்லை.

துண்டு இடுப்புக்கு இறங்கியது. காது சாய்ந்தது. கண்கள் மூடின.

“காத்து புடிச்சிருக்கு.”

சம்மாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “காத்து புடிச்சிருந்தா எஞ்சினை ஏன்ணே போடப்போறோம்? பாயை விரிச்சுட்டுப் படுத்திருக்க மாட்டோமா?” என்றார். நம்மவர் அசரவில்லை, கை ஸ்பானரைத் தேடிற்று. சம்மாட்டியின் மகன் அதை மெல்லக் காலால் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, பின்புறம் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். “சத்தம் சரியாத்தான் இருக்கு, அப்பா. பின்னால தண்ணி தள்ளலை.”

எஞ்சினை அணைத்தார்கள். மூத்த மகளின் கல்யாணத்தை முன்னிட்டு ஒன்றரை மாதம் படகு கடலுக்குப் போகாமல் நங்கூரத்திலேயே கிடந்த சங்கதி அப்போதுதான் வெளிவந்தது. பையன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தான். படகின் அடியில் சுரண்டும் ஓசை பலகை வழியே எங்கள் பாதங்களுக்கு எட்டியது. மூன்று முறை மூச்செடுக்க மேலே வந்தான். நாலாவது முறை, படகடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசோடு கை நிறைய வந்தான். எஞ்சின் சுழற்றும் விசிறியின் இதழ்கள் முழுவதும், பல்வரிசைபோல, சின்னச் சின்ன வெள்ளைக் கூம்புகளாக அவை ஒட்டிப் படர்ந்திருந்தனவாம். இதழ் வழவழப்பாக இருந்தாலன்றி அது நீரைப் பிடித்துத் தள்ளாது.

“இதான்ணே சீக்கு” என்று ஒன்றை எடுத்து நம்மவர் உள்ளங்கையில் வைத்தான்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடது காதைச் சுண்டுவிரலால் அடைத்துக்கொண்டு, அதை வலது காதருகே கொண்டுபோனார்.