ஊத்தாவுக்குள் ஒரு கை

எங்கள் சிவகங்கைச் சீமையில் மீன் பிடிக்க நீச்சல் தெரிய வேண்டாம், வலை வீசவும் தெரிய வேண்டாம். பொறுமை வேண்டும்; அதுவும் வருஷம் முழுக்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய கண்மாய் வயலுக்கெல்லாம் பாய்ந்து, சித்திரை வைகாசியில் முழங்கால் அளவுக்கு வற்றும்வரை, உள்ளே விரால் துள்ளுவதைக் கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அப்படி ஊரே சேர்த்துவைத்த பொறுமை, ஒரு நாள் விடியலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் செலவாகிப்போகும். அதற்குப் பெயர் மீன்பிடித் திருவிழா. சிங்கம்புணரி, பொன்னமராவதி, மேலூர், நத்தம் வட்டாரங்களில் கோடை பிறந்துவிட்டால் ஏதாவது ஒரு கண்மாயில் இது நடந்துகொண்டே இருக்கும்.

சென்னையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. கணினி வேலை. அதை உதறிவிட்டுக் கிராமத்தில் தற்சார்பாக வாழப்போவதாக ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். முன்னோட்டமாக மொட்டைமாடித் தொட்டிகளில் மிளகாய் போட்டிருக்கிறார். அந்த மிளகாயின் அடக்கவிலையை அவர் மனைவியிடம் மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. அவர் கணக்கில் கிராமம் என்பது எல்லாம் சும்மா கிடைக்கும் இடம். “மீன் கண்மாய்ல இருக்கு, விறகு காட்டுல இருக்கு, முட்டைய கோழி போடுது. காசுக்கு அங்க வேலையே இல்லையே சார்!”

காசுக்கு வேலை இல்லைதான். காசு இல்லாத இடத்தில் வேறு எதெல்லாம் வேலை செய்கிறது என்பதை அவரே வந்து பார்க்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

வந்தவர் கையில் ஒரு நீளமான பை. திறந்தால் சக்கரம் வைத்த தூண்டில் கம்பி, பல நிறத்தில் ரப்பர் புழுக்கள், முழங்கால் உயரத்துக்கு ரப்பர் பூட்ஸ், காது மறைக்கும் தொப்பி. சித்தப்பா அந்தச் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு தம்பி. எங்க வீட்ல பட்டம் விடுற வயசுல பிள்ளைக இல்லையே” என்றார்.

திருவிழாவுக்கு வேண்டியது ஊத்தா. மூங்கில் குச்சிகளை வளைத்துக் கட்டிய கூடைதான். அடிப்பக்கம் அகலம், மேல்பக்கம் குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு. சேற்றுத் தண்ணீரில் நடந்துகொண்டே அதைப் ‘பொத் பொத்’தென்று குத்திக்கொண்டு போக வேண்டும். உள்ளே ஏதாவது மாட்டினால் குச்சியில் மோதும். அந்த அதிர்வு கைக்குத் தெரியும். உடனே ஊத்தாவைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். உள்ளே இருப்பது விராலா, கெளுத்தியா, தண்ணீர்ப் பாம்பா என்பது கை போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். எங்கள் ஊரில் கடவுள் நம்பிக்கை குறையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் வீட்டு விட்டத்தில் தொங்கிய ஊத்தா ஒன்றே ஒன்று. நண்பருக்கு இன்னொன்று வேண்டுமே. காசு கொடுத்து வாங்கலாம் என்றால், திருவிழாவுக்கு முதல்நாள் எவன் விற்பான்? மூன்று தெரு தள்ளி இருக்கும் மாமா வீட்டுக்குப் போனோம். இரவல் கேட்டதும் தந்துவிடுகிற ஆள் அல்ல மாமா. முதலில் காப்பி வந்தது. பிறகு விசாரணை. தம்பிக்கு எந்த ஊர், சம்பளம் எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு, சொந்த வீடா வாடகையா, பிள்ளை ஒன்றோடு ஏன் நிறுத்திக்கொண்டார், தலைமுடி எப்போதிருந்து கொட்டுகிறது. நேர்முகத் தேர்வுகள் பல கண்ட நண்பர் வியர்த்துப்போனார். கடைசியில் மாமா, “ஊத்தா இருக்கு. ஆனா போன வருஷம் உங்க சித்தப்பா எங்க வீட்டுக் காதுகுத்துக்கு வரலயே” என்றார். அந்தப் பழைய பஞ்சாயத்தைத் தீர்க்கச் சித்தப்பாவையே நேரில் வரவழைக்க வேண்டியிருந்தது. ஊத்தா கைக்கு வந்தபோது இரவு ஒன்பது மணி.

அன்றைக்கு இரவு திண்ணையில் வேட்டைக் கதை. எங்கள் ஊரில் வேட்டை என்பது இப்போது வாயால் மட்டும் நடப்பது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு முயலைத் தொட்டாலும் வழக்கு, கௌதாரிக்குக் கண்ணி வைத்தாலும் வழக்கு. சட்டம் நல்ல சட்டம்தான், எனக்கு அதில் குறை ஏதும் இல்லை. ஆனால் சட்டம் முயலைக் காப்பாற்றியதோடு நிற்கவில்லை. அதை வளர்க்கவும் செய்துவிட்டது. சித்தப்பாவின் சிறுவயதில் அவர் நாய் விரட்டிய முயல், நான் முதல்முதலாகக் கேட்டபோது ஒரு வீட்டுக்குக் குழம்பு காணும் அளவில் இருந்தது. இப்போது அது இரண்டு தெருவுக்குப் போதும். நண்பர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டார் என்பதால் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொழுத்தது.

மயில் கதை வேறு. 1963-லேயே தேசியப் பறவை ஆகிவிட்ட மயில் எங்கள் கடலைக் கொல்லையில் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்தால், அதற்குச் சட்டம் முழுசாகத் தெரியும் என்றே தோன்றும். விதைத்த கடலையை வரிசை தப்பாமல் கிளறித் தின்னும். தகரத்தைத் தட்டினால் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கும்; ‘தட்டுவது தகரம் மட்டும்தானே?’ என்று உறுதி செய்துகொண்டு மறுபடியும் குனியும். நண்பர் அதைப் படம் எடுத்து ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்று போட்டார். எங்கள் சித்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

விடிவதற்கு முன்பே கரை நிறைந்துவிட்டது. டாட்டா ஏஸ் வண்டிகளிலும் பைக்குகளிலும் எங்கெங்கிருந்தோ ஆட்கள். ஊத்தா, கச்சா, வலை, பரி, கொசுவலை, பழைய சேலை. ஒரு அம்மா சோறு வடிக்கும் கூடையோடு வந்திருந்தார். அத்தனை பேரும் கரையிலேயே நிற்கிறார்கள். ஒருவர் கால் தண்ணீரில் படவில்லை. கண்மாய்க் கரைச் சாமிக்குச் சூடம் காட்டி முடித்து, ஊர்த் தலைவரான அம்பலகாரர் மடைமேல் ஏறித் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து வீச வேண்டும். அதுவரை தண்ணீரில் இறங்கினால் அது ஊர்க் குற்றம். அம்பலகாரரும் லேசுப்பட்டவர் அல்ல. துண்டை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கூட்டம் மூச்சை இழுத்துவிட்டது. இதை அவர் ஒவ்வொரு வருஷமும் செய்வார். வருஷத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரே அதிகாரம் அது, அனுபவித்துவிட்டுப் போகட்டும்.

துண்டு பறந்தது. அடுத்த நொடி கண்மாயில் தண்ணீரைக் காணோம், தலைகள்தான்.

நண்பரும் பாய்ந்தார். கண்மாய்க் கரம்பை மண் வயலுக்கு உரமாக அள்ளிப்போடும் மண், பிசினாகப் பிடிக்கும். பத்தடி போனதும் இடது பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே வந்தது. அதை மீட்கக் குனிந்தபோது வலது பூட்ஸும் விடைபெற்றது. அதே இடத்தில் ஊத்தா குத்திய ஒரு பையன், உள்ளே கையை விட்டு, முகம் மலர்ந்து, “பெருசு மாட்டிருக்குடா!” என்று கத்தியபடி பூட்ஸை வெளியே எடுத்தான். கரையில் இருந்தவர்கள் அதன் எடையைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள்.

விரால் அவ்வளவு சுலபத்தில் மாட்டாது. தண்ணீர் குறைந்தால் மற்ற மீன் திணறும். இது மேலே வந்து நம்மைப் போல் காற்றையே மூச்சாக இழுத்துக்கொள்ளும், ஆபத்து என்றால் சேற்றுக்குள் போய்விடும். தாயும் தகப்பனுமாகச் சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காத்துத் திரியும் குடும்பஸ்தன். குஞ்சோடு திரியும் விராலைத் தொடக் கூடாது என்பது எங்கள் அப்பத்தா போட்ட சட்டம். 1972-க்கு ரொம்ப முந்தியது. எளிதாகக் கிடைப்பது ஜிலேபி. ஆப்பிரிக்காவில் பிறந்து 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. குஞ்சுகளை வாய்க்குள்ளேயே வைத்து வளர்த்து, வந்த இடத்திலெல்லாம் வம்சம் பெருக்கி, இப்போது எங்கள் கண்மாயில் பூர்வகுடி மாதிரி உரிமை கொண்டாடுகிறது. கட்லாவும் ரோகும் மழைக்காலத்தில் ஊரார் வாங்கி விட்ட குஞ்சுகள் வளர்ந்தவை.

கெளுத்தியை மட்டும் தேடிப் போக வேண்டாம், அதுவே நம் கையைத் தேடி வரும். முதுகில் ஒரு முள், இரண்டு பக்கத் துடுப்பிலும் முள். நண்பரின் ஊத்தாவில் முதலில் அதிர்ந்தது அதுதான். அவர் எழுப்பிய சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் வாழ்த்தே தெரிவித்தார்கள், பெரிய விரால் என்று நினைத்து. கரைக்கு வந்ததும் வைத்தியம். சுண்ணாம்பு தடவு என்றார் ஒருவர். மஞ்சள் என்றார் இன்னொருவர். குத்திய மீனையே வறுத்துத் தின்றால் சரியாகும் என்றது ஒரு பெருசு. வீட்டுக்குக் கூட்டிப்போனதும் அப்பத்தா பேசாமல் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் கையை முக்கச் சொன்னது. வலி இறங்கிவிட்டது. அந்த முள் விஷம் ஒரு புரதம், சூடு பட்டால் வீரியம் குறையும் என்று பிறகு படித்து நண்பரே சொன்னார். அப்பத்தாவிடம் சொன்னதற்கு, “அப்படியா, படிச்சவுகளுக்கும் தெரிஞ்சுபோச்சா?” என்றது.

அன்று நண்பர் பிடித்தது அந்த ஒற்றைக் கெளுத்தி. ஆனால் கரையில் வைத்துவிட்டு வந்த பையைத் திறந்தால் இரண்டு விரால், நாலு ஜிலேபி, கைப்பிடி குரவை. அவருக்குப் புரியவில்லை. எங்கள் பக்கம் யாரும் வெறுங்கையோடு கண்மாயை விட்டுப் போகக் கூடாது. கிடைத்தவர்கள் கிடைக்காதவர்கள் பையில் போட்டுவிட்டுப் போவார்கள். பிடித்த மீனை விற்கவும் கூடாது. விற்றால் அடுத்த வருஷம் மழை பெய்யாது, கண்மாய் நிறையாது என்பது நம்பிக்கை. சமைக்கலாம், கொடுக்கலாம். கொடுக்கலாம் என்றால் யாருக்கு? அன்றைக்கு ஊர் முழுக்க, சுற்றுப்பட்டு முழுக்க, மீன். அத்தை வீட்டுக்கு நாம் அனுப்பிய விரால் தெருமுனையைத் தாண்டும்போது, அத்தை வீட்டு விரால் எதிரே வந்துகொண்டிருக்கும்.

அதற்கும் அப்பத்தாவிடம் ஏடு இல்லாத கணக்கு உண்டு. ஊத்தா கொடுத்த மாமாவுக்குப் பெரிய விரால். சின்னதைக் கொடுத்தால் அடுத்த காதுகுத்திலும் பிரச்சினை வரும். பிள்ளை பெற்றிருக்கும் வீட்டுக்கு முள் குறைந்ததாகப் பார்த்து ஒன்று. கண்மாய்க்கு இறங்க முடியாத கிழவி வீட்டுக்கு உரசி, கழுவி, துண்டு போட்டே போக வேண்டும். பூட்ஸைப் பிடித்த பையனுக்கும் இரண்டு ஜிலேபி, நஷ்டஈடாக. பங்கு முடிந்தபோது, சும்மா கிடைத்த மீனில் நண்பருக்கு மிஞ்சியது அவரைக் குத்திய கெளுத்தியும் ஒரு விராலும்.

விராலை உரசுவது தனி வேலை. அடுப்புச் சாம்பலைப் பூசிக் கருங்கல்லில் தேய்க்க வேண்டும். சாம்பல் இல்லாவிட்டால் மீன் கையில் நிற்காது, முற்றத்தில் ஓடும். நண்பரின் விரால் இரண்டு தரம் ஓடியது, ஒருமுறை கோழிக்கூண்டுவரை. பிறகு அம்மியில் அரைத்த மசாலா, புளி, கிளிமூக்கு மாங்காய், மண்சட்டி. அன்றைக்குச் சாப்பிட்டது சுமார் ரகம்தான். மறுநாள் காலை பழைய சோற்றோடு அதே குழம்பைத் தொட்டுக்கொண்டபோதுதான் நண்பர் ராஜினாமாக் கடிதத்தின் வாசகத்தை யோசிக்க ஆரம்பித்தார்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அவரே கணக்குப் போட்டார். காசாகச் செலவானது ஒன்றும் இல்லை. பதிலுக்கு மாமா வீட்டு அடுத்த விசேஷத்துக்கு வருவதாக வாக்கு, சித்தியிடம் மன்னிப்பு, அந்தப் பையனின் அண்ணனுக்குச் சென்னையில் வேலை பார்த்துத் தருவதாக ஒரு பேச்சு. “இதுக்குக் கடையிலயே வாங்கிரலாம் போலயே சார்” என்றார். வாங்கலாம். கடைக்காரர் முடி கொட்டுவதைப் பற்றிக் கேட்கமாட்டார். முடியாமல் படுத்தால் துண்டு போட்ட மீனை வீட்டுக்கு அனுப்பவும் மாட்டார்.

என் கவலை வேறு. பல கண்மாய்களில் இப்போது மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமையையே ஏலம் விடுவது. ஏலம் எடுத்தவர் கொசுக்கண் வலையால் அயிரைக் குஞ்சுவரை அரித்துக்கொண்டு போனால், அம்பலகாரர் துண்டை வீச வேண்டிய அவசியமே இருக்காது. பாதிக் கண்மாயைச் சீமைக்கருவேலம் வேறு பிடித்துக்கொண்டிருக்கிறது. 2000-ல் மத்திய அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை இன்னமும் திருட்டுத்தனமாக வளர்க்கிறவர்கள் உண்டு. அது தண்ணீருக்குள் தப்பினால் நாட்டு மீன் எதையும் விட்டுவைக்காது. இதற்கெல்லாம் மாமாவின் காதுகுத்துப் பஞ்சாயத்து அளவுக்காவது ஊர் கூடிப் பேசினால் நன்றாக இருக்கும்.

அடுத்த கோடையில் நீங்களும் வாருங்கள். வெள்ளை வேட்டி வேண்டாம், பூட்ஸ் வேண்டவே வேண்டாம். குஞ்சைப் பிடித்தால் திரும்ப விட்டுவிடுங்கள். சாம்பலும் கல்லும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஊத்தாவை மட்டும் முந்தின வாரமே சொந்தமாக வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மாமா இந்த வருஷம் பேத்தி சடங்குக்கு யார் யார் வரவில்லை என்று பட்டியல் வைத்திருக்கிறார்.