காலகேயன் பாஷை படிக்கும் பேராண்டிக்கு

வாலே மக்கா, இப்படித் திண்ணையில இரி. ராத்திரி பூரா செல்போனை வச்சுக்கிட்டு நாக்கை அண்ணாக்குல 'டொக்கு டொக்கு'ன்னு அடிச்சுக்கிட்டு இருந்தியே, பேரனுக்குச் சன்னி கண்டுட்டுன்னு ஒங்க ஆச்சி திருநீத்து மடலைத் தேடுதா. நாந்தான், "சும்மா கெட, பய பாகுபலி படத்துல காலகேயனுவ பேசுத கிளிக்கி பாஷை படிக்கான்"னேன்.

படிலே, வேண்டாங்கல. 2015-ல பாகுபலி வந்தப்ப நானும் பொன்முடியில இருந்து நெடுமங்காட்டுக்கு இறங்கிப் போய்ப் பார்த்தவந்தான். காலகேயத் தலைவன் வாயைத் தொறந்ததுமே, வையுதான்னு வெளங்கிட்டு. காலமெல்லாம் எஸ்டேட்ல கொழுந்துக் கூடையோட வசவு வாங்கினவனுக்கு இதுக்கு அகராதி எதுக்கு?

ஆனா அந்தப் பாஷையைக் கட்டின மதன் கார்க்கி கெட்டிக்காரரு. படத்துக்குன்னு சுமார் 750 சொல்லு, 40 இலக்கண விதி கட்டிக் குடுத்திருக்காரு. வித்து எங்க விழுந்துதுங்கே? ஆஸ்திரேலியாவுல படிக்கையில, பிள்ளை பார்த்துக்கிடப் போன எடத்துல, குழந்தைகளுக்கு வெளையாட்டுக் காட்ட உண்டாக்கின பாஷையாம். 'மின்'னா நான். திருப்பிப் போட்டா 'நிம்', நீ. சொத்துப் பிரிக்கையில மட்டும் ரெண்டையும் மாத்திச் சொல்லிராத, குடி முழுகிரும்!

அந்தா, மேகத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு நிக்குல்லா, அதான் அகத்தியர்கூடம். 1868 மீட்டர். அந்த அகத்தியருக்கும் காலகேயனுவளுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பாரதக் கதையில இந்தக் காலகேயனுவ பகல்ல கடலுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு, ராத்திரி வந்து ரிஷிகளைக் கொன்னானுவ. அகத்தியர் கடலையே குடிச்சு அவனுவளைக் காட்டிக்குடுத்தாரு. தேவருவ வெட்டிச் சாய்ச்சாவ. தமிழுக்கு மொத இலக்கணம் தந்தவரும் அவருதாம்பாவ. அவரு ஒழிச்சுக்கட்டின கூட்டத்துக்கு, அவரு வழிவந்த தமிழ்ப் பிள்ளையே இலக்கணம் எழுதிக் குடுத்துட்டு! கேள்விப்பட்டா கெழவனாருக்குக் குடிச்ச கடல் எதுக்களிக்காதா?

அமெரிக்காக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. 1984-ல வந்த ஸ்டார் டிரெக் படத்துல வேத்துக்கிரகத்துக் கிளிங்கானுவ பேச, மார்க் ஓக்ராண்டுன்னு ஒரு மொழி அறிஞரு தனிப் பாஷையே கட்டினாரு. அதைப் படிச்ச ஒரு தகப்பன், பொறந்த பிள்ளைகிட்ட மூணு வருசம் கிளிங்கான்லயே பேசிப் பார்த்தான். பய ஊரெல்லாம் பேசுத இங்கிலீஷைப் பிடிச்சுக்கிட்டு அப்பனை அம்போன்னு விட்டுட்டான். பின்ன? பண்டம் கேக்கணும், சண்டை போடணும், அப்பன் மேல கோள் சொல்லணும். அதுக்கெல்லாம் எதுத்தாப்புல ஆளு வேணும்லா?

அதனால கெழவன் புத்தி கேளு. 2020-ல, தாய்மொழி நாளான பிப்ரவரி 21 பார்த்து, கிளிக்கிக்கு இணையதளமே தொறந்துட்டாவ. நல்லாப் படி. ஆனா ஒத்தையில பேசாத, ஊரு அதுக்கு வேற பேரு வைக்கும். கூட ஒருத்தனைச் சேத்துக்கோ. விதுராவுல மீன்காரிகிட்ட மலையாளத்துல பேரம் பேசு. ஆச்சிகிட்ட தமிழ்ல சோறு கேளு. ரெண்டுலயும் காரியம் நடந்தா, மூணாவதுல வெளையாடு.

அப்புறம் இன்னொண்ணு, ஆச்சி காதுல போட்டுராத. அந்தப் பாஷையில நாலு சொல்லு எனக்கும் பழக்கிக்குடு. நாளைக்கு வட்டிக்காரன் 22 கொண்டை ஊசி வளைவும் ஏறி வாரானாம். தமிழ்லயும் மலையாளத்துலயும் இருந்த சாக்கெல்லாம் அவன்கிட்ட சொல்லித் தீத்துட்டேன்.