தவிடனா, டேவிடா? செக்ரோல் பாடபேதம் குறித்து ஓர் ஆராய்ச்சி

பாடபேதம் (ஒரே நூல் சுவடிக்குச் சுவடி சொல் மாறி வருவது) என்றாலே அது ஏட்டுச்சுவடிக்காரர்களின் தலைவலி என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நம் வழக்கம். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் திரட்டிய சுவடிகளை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அந்த ஒப்புநோக்கும் கலை சங்கப் பாட்டுக்கும் காப்பியத்துக்கும் பயன்பட்டதோடு நின்றுபோனது. இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்களின் செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டின் பக்கம் எந்தப் பதிப்பாசிரியரும் தலைவைத்துப் படுக்கவில்லை. இத்தனைக்கும் சுவடிக்குரிய இலட்சணங்கள் எல்லாம் அங்கே உண்டு. ஏடெழுதினோர் உண்டு, அவர்கள் செய்த பிழை உண்டு, பிழையைப் பார்த்துப் படியெடுத்தவர் உண்டு, மிச்சத்தைத் தின்ற கறையானும் உண்டு. இக்குறையை நீக்கும் பொருட்டு எழுந்த இக்கட்டுரை பதிப்பாசிரியர்களின் பழைய விதி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்கிறது. இரண்டு பாடங்கள் எதிர்ப்பட்டால் கடினமான பாடமே மூலத்துக்கு நெருக்கமானது என்பது அவ்விதி. படியெடுப்பவர் தமக்கு விளங்காததை விளங்குவதாக மாற்றுவாரேயன்றி, விளங்கியதை வலிந்து விளங்காததாக்க மாட்டார். இதைத் தோட்டத்துக்குப் பொருத்தினால் கிடைக்கும் கொள்கை இது: பழைய பதிவேட்டில் உங்கள் பூட்டனின் பெயர் எவ்வளவு கோணலாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது நம்பத்தக்கது. ராமசாமி என்று அழகாக எழுதியிருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ராமசாமி மீது எமக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. தோட்டத் தொழிலாளியைப் பொதுவாகச் சுட்டுவதற்கு அக்காலத் துரைமார் எடுத்துக்கொண்ட பெயர் அது என்பதே குற்றச்சாட்டு. ஒருவனைக் கூப்பிட்டாலும் ஒரு கூட்டத்தைக் குறித்தாலும் ராமசாமிதான். புதிதாக வந்திறங்கும் சின்னதுரை (உதவி நிர்வாகி) தமிழ் கற்பதற்கென்று ஏ.எம். பெர்குசன் எழுதிய கையடக்க நூலுக்கு ‘இங்கே வா’ என்றே பெயர். தலைப்பே கட்டளையாக அமைந்த அந்நூலைப் படித்துத் தேறியவருக்கு, வந்து நிற்பவன் பெயரை விசாரிக்க என்ன அவசியம் இருந்திருக்கும்? தவிர, அந்த உலகத்தில் எண்தான் பெயருக்கு முன்னால் வந்தது. வந்திறங்கும் தொழிலாளிக்கென்று 1901இல் நடைமுறைக்கு வந்த தகர டிக்கட்டில் தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்திருக்கும். ஆளின் பெயருக்கு அதில் இடமில்லை. பெயர் தேவைப்பட்டதெல்லாம் காலையில் ஆளெண்ணும் பெரட்டுக் களத்தில்தான். அங்கும் அது கூலிக் கணக்கின் அளவையாகவே புழங்கியது. நாள் வேலை முழுதாகத் தேறினால் ஒரு பேர். நிர்ணயித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். மனிதனை விட்டுவிட்டு அவன் பெயரைப் பாதியாக வெட்டக் கற்ற ஒரு நிர்வாகம் எழுத்துக்கூட்டலில் கைநடுங்கியிருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

பதிவேட்டுக் கோணல்களை இரண்டாகப் பிரித்தறிய வேண்டும். பெற்றோர் வேண்டுமென்றே வைத்த கோணல் ஒன்று, பேனா உண்டாக்கிய கோணல் மற்றொன்று. முதல் வகையில் குப்பன், குப்பாயி, பிச்சை, மண்ணாங்கட்டி, அமாவாசை, மூக்கன், தவிடன், போதும்பொண்ணு முதலியோர் அடங்குவர். இன்றைய பேரப்பிள்ளைகள் இப்பெயர்களைக் கண்டதும் தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிளாக்கரின் குறும்பு என்று முடிவுகட்டி விடுகிறார்கள். கிளாக்கருக்கு அவ்வளவு கற்பனை வளம் இருந்ததற்குச் சான்றில்லை. இவையெல்லாம் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களோடு சேர்ந்தே கப்பலேறிய பெயர்கள். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில் அடுத்ததாகப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் ஆக்கினார்கள். அண்டை வீட்டாரிடம் கொடுத்து ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கித் தவிடன் ஆக்கினார்கள். மூக்கைக் குத்தி மூக்கன் என்றார்கள். இவ்வளவு மலிவான சரக்கை எமன் ஏறெடுத்தும் பாரான் என்பது கணக்கு. எமனையே ஏமாற்ற வைத்த பெயர் பேரப்பிள்ளையையும் ஏமாற்றியதில் வியப்பில்லை. நம் கொள்கைக்கு இவ்வகை அசைக்க முடியாத அரண். தவிடன் என்ற பெயரை எந்தக் கணக்கப்பிள்ளையும் சும்மா உட்கார்ந்து புனைய மாட்டார். ஏட்டில் தவிடன் இருந்தால், அந்த வீட்டில் அவனுக்கு முன் பிறந்த பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்த ஒரு தாய் இருந்தாள் என்று கொள்ளலாம். ராமசாமி இத்தகைய தகவல் எதையும் தருவதில்லை.

இரண்டாவது வகைதான் ஆராய்ச்சியாளனுக்கு விருந்து. தோட்டத்து ஆபீசின் எழுத்து ஆங்கிலம். அதில் ழகரமும் இல்லை, ளகரமும் இல்லை, குறில் நெடில் பேதமும் இல்லை. சி என்ற ஆங்கில எழுத்து ககரத்துக்கும் நிற்கும், சகரத்துக்கும் நிற்கும். ஆகவே ஏட்டில் உள்ள ஒருவர் காவல் தெய்வத்தின் பெயர் பூண்ட காத்தானா, பைபிளில் வரும் சாத்தானா என்று குடும்பத்தில் பிளவு வரக்கூடும். இரண்டும் இல்லாமல் அவர் ஐயனாரின் பழம்பெயர் கொண்ட சாத்தனாகவும் இருக்கலாம். சி, ஏ, ஆர், பி, ஈ, என் என்று எழுதப்பட்டவர் கறுப்பன். ஆனால் அதைக் கார்ப்பென் என்று வாசிக்கும் கொள்ளுப்பேரன் பாட்டனார் தச்சுவேலை செய்தவர் என்று நம்பத் தொடங்கி, பரம்பரைத் திறமை தனக்கு ஏன் வரவில்லை என்று வருந்துவான். மாரி என்பதை முடிவில் ஈ போட்டு எழுதியதால் சமயபுரத்தாளுக்கு நேர்ந்து பெற்ற பெண் பிரெஞ்சு மாது ஆகிவிட்டாள். ராமன் எங்கும் ராமென் ஆகியிருப்பதால், இன்று அதைப் படிக்கும் இளைஞருக்கு இராமாயணத்துக்கு முன் ஜப்பானிய நூடில்ஸ் நினைவுக்கு வருகிறது. தலைப்பில் கண்ட சிக்கலும் இவ்வழியில் விளங்கும். தவிடனின் முதல் எழுத்தை டி போட்டு எழுதினார் ஒரு கிளாக்கர் என்று கொள்வோம். அடுத்த ஏட்டுக்குப் பெயர்த்தவர் அதை டவிடன் என்று வாசிப்பார். அதற்கும் அடுத்தவர் கடைசி இரண்டு எழுத்தைக் கைதவறிச் சேர்ந்த பிழை என்று கருதி நீக்குவார். மூன்றே ஏட்டில் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை கோலியாத்தை வீழ்த்திய அரசனாகிவிடுவான். ஏட்டுக்கு ஏடு பெயர் மெருகேறுவதைக் கவனிக்க வேண்டும். டேவிடிலிருந்து தவிடனுக்கு இறங்கிவரும் கிளாக்கர் எங்கும் இல்லை.

இங்கே ஒரு தடை எழும். கோணலே மெய் என்றால், கிளாக்கர் கை நடுங்கிக் கிறுக்கிய பொருளற்ற கூட்டெழுத்துதான் எல்லாவற்றிலும் உத்தமமான மெய்யா என்று கேட்பார்கள். ஆம், ஒரு பொருளில் அதுவே உத்தமம். பொருளற்ற கிறுக்கலுக்குப் பின்னால் எழுதினவரின் கருத்து எதுவும் கிடையாது. காதில் விழுந்த ஒலி மட்டுமே உண்டு. ஒலியை அதே வழியில் பின்னோக்கி நடத்திக்கொண்டு போனால் ஊர்த் திண்ணைக்கே போய்ச் சேரலாம். அட்டன் என்ற ஊர்ப்பெயரே சான்று. துரைமாரின் ஹட்டனில் இருந்த மூச்சொலியைத் தொழிலாளியின் வாய் உதறிவிட்டு அட்டன் என்று நிலைநிறுத்தியது. தமிழ் வாய் ஆங்கிலத்தை எப்படி மாற்றும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்குமானால், ஆங்கிலக் காது தமிழை எப்படி மாற்றும் என்பதற்கும் ஒழுங்கு இருக்கத்தான் வேண்டும். ஒழுங்குள்ள பிழையைத் திருத்த வழியுண்டு. மீட்க முடியாதது, கருத்தோடு செய்த திருத்தம்.

கருத்தோடு செய்த திருத்தங்களில் தலையாயது பெண்களின் வாயடக்கத்தால் விளைந்தது. தமிழ்ப் பெண் கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்ற வழக்கம் கடல் தாண்டியும் கரையவில்லை. பிறப்பைப் பதிய வேண்டும், தகப்பன் பெயர் வேண்டும், தகப்பனோ தூர மலையில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். “ஒம் புருசன் பேரு என்னா?” என்றால் அவள் தலையைக் குனிந்து, “அதான், வேலைப் புடிச்சிக்கிட்டு மலையில நிப்பாரே, அந்தச் சாமி” என்பாள். எழுதுபவர் விடுகதையை விடுவிக்க வேண்டும். முருகன், வேலு, வேல்சாமி, பழனி, ஆறுமுகம், சுப்பையா, கந்தையா என்று விடைகள் வரிசைகட்டும். அவற்றுள் தமக்குப் பழக்கமானதைப் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். இப்படிக் கிடைத்த பெயர் எழுத்துப்பிழையின்றி, இலக்கணச் சுத்தமாக, முற்றிலும் தவறாக இருக்கும். கணவன் பெயர் தவிடனாகவோ மண்ணாங்கட்டியாகவோ இருந்தால் அதைக் குறிப்பால் உணர்த்துவது அரிது. பக்கத்தில் நின்ற கொழுந்தனோ சில்லறைக் கங்காணியோ உரக்கச் சொல்லித்தான் ஏட்டில் ஏறியிருக்க வேண்டும். ஆகவே கோணல் பெயருக்கு வாய்மொழிச் சாட்சி உண்டு. நேரான பெயருக்கு ஊகம் மட்டுமே துணை. ஆட்களைத் திரட்டி வந்து மேற்பார்த்த கங்காணியைப் பொறுத்தும் இதே முடிவுதான். தன் ஆட்களில் அன்றன்று வேலைக்கு வந்தவர் தலைக்கு இவ்வளவென்று பென்ஸ் காசு பெற்றவர் பெரிய கங்காணி. வராத ஆளை வந்ததாக எழுத அவருக்கு ஆசை எழுந்திருந்தால், அந்த ஆவிக்கு என்ன பெயர் வைத்திருப்பார்? துரையின் விரல் பட்டியலில் இறங்கும்போது தடுக்காத பெயராகத்தான் பார்த்திருப்பார். பொய்யாளுக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்து மாட்டிக்கொள்கிறவர் பெரிய கங்காணி ஆகியிருக்க மாட்டார்.

இந்த ஆராய்ச்சி வேலையற்றவர் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்கலாம். சட்டம் வருமுன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அரைப்பேர் போட்டே பழகிய ஏடுகளிலிருந்து மூன்று தலைமுறை முழுப்பேரை எடுத்து வரச் சொன்ன சட்டம் இது. நகைச்சுவையில் எம்மை விஞ்சியவர்கள் இதை வரைந்தவர்கள். பின்னர் 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு இந்திய வம்சாவளியினர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்குபோட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, மீதி பிறகு பார்க்கலாம் என்று. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. குடும்பங்களுக்கு இது பிரிவு. பாடபேத ஆராய்ச்சிக்கோ, சொல்லக் கூசுகிறது, பொற்காலம். அண்ணன் கோத்தகிரியிலோ கூடலூரிலோ அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்தான். தம்பி லிந்துலையில் தங்கிவிட்டான். ஒரே தகப்பன் இந்தியக் குடும்ப அட்டையில் தமிழில் ஒரு விதமாகவும், இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் ஆங்கிலத்திலிருந்து சிங்களம் அறிந்த எழுத்தர் கைவழியாக இன்னொரு விதமாகவும் நிற்கிறார். ஒரு மூலத்தின் இரண்டு படிகள் கடலின் இருகரையிலும் இருந்தால் எந்தப் பதிப்பாசிரியரும் முதலில் செய்வது அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான். உறவுக்காரர்கள் கடிதம் போட்டுக்கொள்வதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

கடல்கடந்த பிற இனத்தாரிடமும் பெயர் மாறிய கதை உண்டு. அமெரிக்காவில் எல்லிஸ் தீவில் இறங்கிய பாட்டனின் பெயரை அங்கிருந்த அதிகாரி மாற்றிவிட்டார் என்று பல குடும்பங்கள் சொல்லும். உண்மையில் அவ்வதிகாரிகள், குடியேறிகள் வந்த கப்பலின் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்களே தவிர, புதிதாகப் பெயர் எழுதவில்லை. பட்டியல் புறப்பட்ட துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. மலையகத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கோணலுக்கெல்லாம் கிளாக்கரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சோம்பல். சில பெயர்கள் கப்பலேறுமுன் தங்கவைத்த மண்டபம் முகாமில் வரிசையில் நிற்கும்போதோ, கங்காணி ஊரில் முன்பணம் எண்ணிக் கொடுத்தபோதோ கோணியிருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் முதலி என்பது மூட்லி ஆகி இன்றும் செழிப்பாக இருக்கிறது. அங்கே யாரும் அதற்காகத் தலைகுனிவதில்லை.

தலைகுனிவு என்ற சொல் வந்துவிட்டதால், கேலியை ஒதுக்கிவைத்து விடைசொல்ல வேண்டிய தடை ஒன்றும் உண்டு. குப்பன், பிச்சை முதலிய பெயர்கள் எல்லாம் எமனை ஏமாற்ற வைத்தவை என்பது பூசிமெழுகல். ஒடுக்கப்பட்ட சாதியார் தம் பிள்ளைகளுக்கு மதிப்பான பெயர் வைக்க ஊரார் விடவில்லை, பண்ணையார் கூப்பிட்டதே பெயராயிற்று என்பது அத்தடை. தடை நியாயமானது. தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பகுதியினர் அத்தகைய குடிகளைச் சேர்ந்தவர்கள் என்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. எமனுக்கு அஞ்சி வைத்த குப்பனையும் பண்ணையாருக்கு அஞ்சி வைத்த குப்பனையும் ஏட்டைப் பார்த்து வேறுபடுத்த இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் கொள்கை இதனால் வலுவிழக்கவில்லை. பெயர் நம்பத்தக்கது என்றுதான் சொன்னோம். நல்லது என்று சொல்லவில்லை. அப்பெயரைத் தொடர வேண்டிய கடமை எந்தப் பேரனுக்கும் இல்லை. அதை ஏட்டில் அழித்துக் குபேரன் என்று எழுதினால் மறைவது பாட்டனின் இழிவா, பண்ணையாரின் குற்றமா என்று மட்டும் யோசிக்க வேண்டும்.

இன்றைய நடைமுறைச் சிக்கல் வேறு. ஊழியர் சேமலாப நிதியில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் மற்றொன்று என்று இருந்தால், நாற்பது வருடம் கொழுந்து பறித்த லெட்சுமி தன் பணத்தை வாங்க லக்சுமியும் லெச்சுமியும் தானேதான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அவருக்குப் பாடபேதத்தின் அருமையை விளக்குவது அநியாயம்; அவர் பெயரை எல்லாத் தாளிலும் ஒன்றாக்கிக் கொடுப்பதே நியாயம். ஆனால் சத்தியக் கடதாசி முடிக்கப் போகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பெயரைத் திருத்துங்கள், பிள்ளைகளின் பெயரைத் திருத்துங்கள், பாட்டனின் பெயரை மட்டும் எழுதியபடியே விட்டுவிடுங்கள். அலுவலகம் அதையும் நேராக்கியே தீர வேண்டும் என்றால், நேராக்குவதற்கு முன் பழைய பக்கத்தை ஒரு போட்டோ பிரதி எடுத்து, பின்புறத்தில் அவரை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று தமிழில் எழுதி வையுங்கள்.