குடும்ப வைத்தியர்

தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் மருத்துவக் கல்லூரியின் வாசலை மிதிக்காமலே மருத்துவராகிவிட்ட ஒருவர், பெரும்பாலும் பணி ஓய்வு பெற்ற பெரியப்பா, தவறாமல் காணப்படுகிறார். இவருக்கு நோயாளி தேவையில்லை. ரத்தப் பரிசோதனை அறிக்கை, அதாவது பேச்சுவழக்கில் 'ரிப்போர்ட்', கைக்குக் கிடைத்தால் போதும். மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்து மாட்டி, தடித்த எழுத்தில் அச்சான எண்களை மட்டும் விரலால் தேடிப்பிடித்து, "கிரியாட்டினின் கொஞ்சம் கம்மியா இருக்கே" என்று அவர் இழுக்கும்போது, சமையலறையில் தாளிப்பு கருகுவது வழக்கம்.

அறிக்கையின் ஓரத்தில் அச்சிடப்படும் 'இயல்பு வரம்பு' என்பது பொதுவாக நலமாக உள்ளவர்களில் 95 விழுக்காட்டினரின் அளவுகள் அடங்கும் எல்லையே. ஆகவே 20 சோதனைகள் செய்துகொண்ட நல்ல உடம்புக்காரருக்கும் ஏதேனும் ஒன்று எல்லை தாண்டி நிற்பதில் வியப்பில்லை. இக்கணக்கை ஏற்றுக்கொண்டால் குடும்ப வைத்தியருக்குப் பிழைப்பே இல்லை.

இவரைப் பொய்யர் என்பது அநியாயம். தனியாக இருக்கையில் மாரடைப்பு வந்தால் விடாமல் இருமவேண்டும் என்று விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் இவர் அனுப்பும் அறிவுரைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்திச் சோதிக்கும் அறையில், திடீரெனத் துடிப்பு தாறுமாறான நோயாளிகள் இருமியதால் சிறிது நேரம் நினைவு தப்பாமல் இருந்ததை 1976இல் அமெரிக்க மருத்துவர் கிரைலியும் அவருடைய குழுவினரும் பதிவுசெய்தனர். அங்கே இதயத் துடிப்பைக் காட்டும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவர் அருகில் நின்றார். கைமாறிக் கைமாறி வந்த வழியில் கருவி உதிர்ந்தது, மருத்துவர் உதிர்ந்தார், ஆண்டும் உதிர்ந்தது. இருமல் மட்டும் பெரியப்பாவிடம் வந்து சேர்ந்தது. வந்ததை அவர் அப்படியே அனுப்பினார். கைகூப்பும் படம் மட்டுமே அவருடைய சொந்தச் சேர்க்கை.

யார் சொன்னது என்று கேட்பவருக்கு, "பெரிய டாக்டரே சொல்லியிருக்கார்" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். எம்.பி.பி.எஸ். முடித்த தம்பி மகள் மறுத்துப் பேசினால், "உனக்கு அனுபவம் போதாதும்மா" என்று அவ்வழக்கு தள்ளுபடியாகும்.

எனினும் தமக்கே ஒருநாள் நெஞ்சு கனத்து இடக்கை வலிக்கும்போது இவர் இருமிப் பார்ப்பதில்லை, 108க்குத் தாமே பேசி, வீட்டு அடையாளத்தைப் பிள்ளையார் கோயிலிலிருந்து பிசகின்றிச் சொல்லி, ஆம்புலன்ஸ் வந்து படுக்கவைத்ததும் மார்பில் மின்முனை ஒட்டவரும் இளைஞரின் கையைப் பிடித்து நிறுத்தி வினவுவார்: "தம்பி, நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"