முழங்காலைத் திரையில் காட்டுவது எப்படி?

ஜேர்மனியில் 2020 மார்ச்சில், கொரோனாவைச் சாட்டாக வைத்து, இயன்மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும் திரைக்குள் புகுந்தன. கிருமி அடங்கியதும் திரும்பிப் போய்விடும் என்று பார்த்தால், 2022 ஏப்ரலில் அவற்றுக்கு நிரந்தர வதிவிட அனுமதியே கிடைத்துவிட்டது. நம்மில் பலர் அதே அனுமதிக்கு எத்தனை வருடம் வரிசையில் நின்றோம் என்ற கதையை இங்கே கிளற வேண்டாம். முழங்கால் தேய்ந்த அம்மம்மாமாருக்கும், அவர்களுக்குப் போன் பிடிக்கும் பேரப்பிள்ளைகளுக்குமான கைநூல் இது.

1. கடதாசியோடு தொடங்கவும்

திரைச் சிகிச்சை என்றதும் எல்லாம் கம்பியில்லாமல் நடக்கும் என்று எண்ண வேண்டாம். மருந்துச் சீட்டு 2024 ஜனவரியில் மின்சீட்டானது. சிகிச்சைச் சீட்டோ கடதாசியிலேயே உயிர் வாழ்கிறது. வைத்தியர் அதை எழுதி 28 நாளுக்குள் சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். அதற்குள் டெர்மின் (சந்திப்பு நேரம்) கிடைப்பது உங்கள் குலதெய்வத்தின் பொறுப்பு. முதல் சிகிச்சைக்கு நேரில்தான் போக வேண்டும். அதாவது, படியிறங்க முடியாததால் திரைச் சிகிச்சை கேட்பவர், அதைப் பெறுவதற்காக முதலில் படியிறங்கிப் போய்வர வேண்டும். சீட்டுக்கு 10 யூரோவும், செலவில் 10 வீதமும் உங்கள் பங்கு. திரை என்பதற்காகக் கழிவு கிடையாது.

2. சபையைக் கலைக்கவும்

தொடங்கும்போது அறையில் இருக்கும் எல்லோரையும் அறிமுகப்படுத்த வேண்டும் என்பது வீடியோ மருத்துவத்தின் விதி. நம் வீட்டு ஹோலில் இதைச் செய்தால், மாமா, மாமி, பக்கத்து வீட்டு அன்ரி, அவர் கொண்டுவந்த வடைச் சட்டி என்று அறிமுகம் முடியவே இருபது நிமிடம் போய்விடும். சிகிச்சைக்கு ஒதுக்கியதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பதிவு செய்வதும் தடை. இன்னொரு போனில் லண்டன் சித்தியை ஒளித்துவைத்துக் கேட்கவிடுவது பதிவு இல்லைத்தான். ஆனால் சித்தி இருமுவார்.

3. முகத்தை மறக்கவும்

கமரா என்றதும் அம்மம்மா தலைவாரி, திருநீறு பூசி, பொட்டு வைத்து, கலியாணப் படத்துக்குப் போல நிமிர்ந்து உட்காருவார். இயன்மருத்துவர் பார்க்க வேண்டிய முழங்கால் மேசைக்குக் கீழே இருளில் கிடக்கும். போனை ஒரு கதிரையில், அரிசி மா டின்னில் சாய்த்துவைத்து, நாலைந்து அடி பின்னால் அம்மம்மாவை நடக்கவிடவும். வெளிச்சம் முன்னால் இருந்து விழட்டும். சேலையை முழங்காலுக்கு மேல் உயர்த்த வேண்டிவரும். ஆகவே மருமகனைக் கடைக்கு அனுப்பவும். அவர் திரும்பி வராமல் இருக்க நீளமான பட்டியல் கொடுக்கவும்.

உருவிவிடுவதும் நிணநீர் வடிப்பதும் திரையில் கிடைக்கா. "அந்தப் பிள்ளை கையால ஒருக்காப் பிடிச்சுவிட்டா நல்லா இருக்கும்" என்று அம்மம்மா சொல்வதை மொழிபெயர்க்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கும் அதே கவலைதான்.

4. உளைவைக் கற்கவும்

பேச்சுமொழி மொழிபெயர்ப்பாளருக்குப் பொது மருத்துவக் காப்புறுதி பணம் கொடுப்பதில்லை. கொடுக்க வழி செய்வோம் என்று 2021இல் மூன்று கட்சிகள் கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதின. 2024 நவம்பரில் கூட்டணி உடைந்தது; எழுதியது எழுத்தாகவே நின்றது. ஆகவே பதினான்கு வயதுப் பேத்திதான் மொழிபெயர்ப்பாளர்.

"அம்மம்மா, எப்பிடி நோகுது எண்டு கேக்கினம்."

"உளையுது பிள்ளை. விடியக் காலமை விறைப்பு. படி ஏறேக்க குத்து. இரவில ஒரே குடைச்சல்."

பேத்தி திரும்பிச் சொல்வது ஒரே சொல்: "ஷ்மெர்சன்." வலி. நாலு மூட்டையை ஒரே பைக்குள் திணித்தாயிற்று. விறைப்பா, குத்தா, எந்த நேரத்தில் என்பதை வைத்துத்தான் பயிற்சியையே தீர்மானிப்பார்கள். பேத்தியின் ஜேர்மன் மொழியில் குறையில்லை. அவளுக்கு உளைவு என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். டெர்மினுக்கு முதல் நாள் இரவு, அம்மம்மாவின் காலுக்கு எண்ணெய் பூசும்போது, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதச் சொல்லவும். இந்தக் கைநூலில் செலவில்லாத ஒரே அறிவுரை இது.

5. வலிக்குப் புள்ளி போடவும்

பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கட்டாயம் கேட்பார்கள். அம்மம்மா எண் சொல்ல மாட்டார். கீழ்க்கண்ட மாற்று விகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கவும்:

"பரவாயில்லை" — 5.

"கொஞ்சம் உளையுது" — 7.

"ஒண்டுமில்லை, நீ போய்ப் படி" — 9.

"இந்த முறை ஹம் நகரக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ" — 10. திரையை மூடிவிட்டு, உடனே நேரில் கூட்டிக்கொண்டு போகவும்.