காதில் விழாததற்கு ஒரு பெட்டி

மெல்லிசைக் கச்சேரியில் பேஸ் கிடார்காரனை யாரும் கவனிப்பதில்லை. அவன் நிறுத்தினால்தான் 'என்னமோ குறையுதே' என்பார்கள். அப்பேர்ப்பட்டவன் தன் சத்தத்தின் அடிவயிற்றை வெட்டிக் குறைக்கக் காசு கொடுத்து ஒரு பெட்டி வாங்கினால்? "சத்தம் வராம இருக்கறதுக்கு மிஷினா? ப்ளக்கைப் பிடுங்கினா போதாதாங்க?" என்றாள் மனைவி.

அந்தப் பெட்டிக்கு, அதாவது கீழ் ஸ்வரங்களை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டருக்கும் நியாயம் உண்டு. நாலு தந்தி பேஸில் ஆகக் கனத்த 'ஈ' 41 ஹெர்ட்ஸ். ஐந்து தந்திக்காரர்களின் 'பி' 31. அதற்கும் கீழே இருப்பது விரல் இடிக்கும் தடதடப்பும் பலகை மேடையின் அதிர்வும்தான். போர்ட் வைத்த கேபினெட்டில் அந்தப் போர்ட்டின் ட்யூனிங்குக்குக் கீழே போனால் ஸ்பீக்கர் கோனைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. சாமி வந்ததுபோல் ஆடும். கேட்பது ஒன்றுமில்லை, வாட் மட்டும் கரையும்.

சரி, எவ்வளவு சரிவாக வெட்டுவது? இங்கேதான் கட்சி பிரிகிறது. ஆக்டேவுக்கு 6 டெசிபல் என்பது, போகாத விருந்தாளியிடம் "ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்பது. 12 என்றால் அவர் பையைத் திண்ணையில் வைப்பது. 24, கதவைச் சாத்துவது. 48, வீட்டையே விற்றுவிடுவது.

35 ஹெர்ட்ஸில் பட்டர்வொர்த் ஃபில்டர் வைத்தால், 20 ஹெர்ட்ஸ் தடதடப்பை 12 சுமார் 10 டெசிபல் இறக்கும்; 24 ஏறக்குறைய 20. 'ஈ' தந்திக்கு இரண்டிலும் பெரிய சேதமில்லை. ஸ்பீக்கரைக் காப்பதுதான் நோக்கமென்றால் 24 கட்சிக்கே வெற்றி.

ஆனால் நான் வாசிப்பது கல்யாண மண்டபங்களில். அங்கே சுவரே பேஸ் வாசிக்கும். குமுறலை அடக்க ஃபில்டரின் குமிழை 60 ஹெர்ட்ஸ் வரை திருக வேண்டிவரும். அப்போது 24-இல் 'ஈ' 13 டெசிபல் போய்விடும், 12-இல் 7-தான். மிச்சத்தை 82 ஹெர்ட்ஸில் இருக்கும் இரண்டாம் ஹார்மோனிக் பார்த்துக்கொள்ளும். அதை வைத்துக் காது 41-ஐத் தானே கற்பனை செய்துகொள்ளும். என் ஓட்டு 12-க்கு.

இந்தத் தத்துவத்தையெல்லாம் சவுண்ட்காரரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மிக்சரில் என் சேனலைக் காட்டினார். 80 ஹெர்ட்ஸ் லோ கட் பட்டன் ஏற்கெனவே அமுங்கியிருந்தது.

"எல்லா சேனலுக்கும் அமுக்கிருவேன் சார். சேஃப்டிக்கு."